கழுத்து நாடியின் காவலைக் கண்டறிந்த கோர்னெய் ஹெய்மன்ஸ்

கல்லூரி மலர்களிலே பெரியோர் சரிதம் வரைதல் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். நாடாண்டோரும், நூல் யாத்தோரும், பள்ளிகள் நிறுவியோரும் அவ்வகையிற் பலமுறை போற்றப்பட்டுள்ளனர். நாமோ, ஆராய்ச்சிக் கூடமொன்றின் சுவர்களுக்குள்ளே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மருத்துவ அறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுகின்றோம். அவர் பெல்ஜிய நாட்டினரான கோர்னெய் ஹெய்மன்ஸ் என்பார்.

இவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலர் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். அவ்வயதினரிற் சிலருக்கு மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்து நாடியிலே கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி ஒடுங்கிவிடுகின்றது. பாரிசவாதம் வாராது காக்கும்பொருட்டு வைத்தியர்கள் அந்நாடியைப் பலூனால் விரித்து, ஸ்டென்ற் எனப்படும் கம்பிவலைக் குழலொன்றை அதனுள்ளே வைப்பர். சிகிச்சை நன்கு நிறைவேறிற்று என்று உறவினர் மகிழ்ந்திருக்கும் வேளையிலே, நோயாளியின் குருதியமுக்கம் திடீரெனத் தாழ்ந்துவிடுவதும், நாடித்துடிப்புத் தளர்வதும் உண்டு. இருந்த நோய்க்குச் செய்த பரிகாரமே வேறொரு நோயை வருவித்ததோ என உற்றார் கலங்குவர். அக்கலக்கத்துக்கு விடை, ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கென்ற் நகரத்து ஆராய்ச்சிக் கூடமொன்றிற் கண்டறியப்பட்டுவிட்டது. அதனைக் கண்டவர் நம் சரித நாயகரே.

ஹெய்மன்ஸ் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள் கென்ற் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜான் பிரான்சுவா ஹெய்மன்ஸ், கென்ற் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராயிருந்தவர். அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியையும் வகித்தவர். தம் பெயரால் இன்றும் வழங்கும் மருந்தியல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவர். இத்தகைய தந்தைக்கு மகனாகப் பிறத்தல் ஒருவகையிற் பேறு. மற்றொரு வகையிற் பெருஞ்சுமை. பெரியவரின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் அந்நிழலிலேயே ஒடுங்கிவிடுதலை உலகிற் பலவிடத்துங் காண்கின்றோம். ஹெய்மன்ஸ் ஒடுங்கினாரல்லர். தந்தையின் வழியைத் தம் வழியாக ஏற்று, அவர் நின்ற இடத்திலிருந்து மேலே நடந்தார்.

அன்ற்வேர்ப், ரேண்கவுட், கென்ற் ஆகிய நகரங்களிலுள்ள கல்லூரிகளிலே பயின்றபின் அவர் கென்ற் பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்றார். 1914ஆம் ஆண்டிலே முதலாம் உலகப் போர் மூண்டது. ஹெய்மன்ஸ் பெல்ஜியப் படையிற் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கல்வியைத் தொடர்ந்து 1920ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே கண் வைத்தியராகிய பேர்த் மே என்னும் அம்மையாரை மணந்தார். போரினாற் கல்வி இடையறுந்து, பின்னர் அதனைத் தொடுத்து முடித்தோரின் அருமையை நம் நாட்டு மாணாக்கருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பட்டம் பெற்றதோடு அவர் அமைந்துவிடவில்லை. பாரிசு நகரிலே கிளே என்பாரிடத்தும், லோசான் நகரிலே ஆர்தசு என்பாரிடத்தும், வியன்னாவிலே மேயர் என்பாரிடத்தும், இலண்டனிலே ஸ்ரார்லிங் என்பாரிடத்தும், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே விக்கர்சு என்பாரிடத்தும் சென்று பயின்றார். இருதயத்தின் இயக்கத்தையும் குருதியோட்டத்தையும் ஆராய்வதில் ஸ்ரார்லிங்கும் விக்கர்சும் அக்காலத்து முதல்வரிசையில் நின்றோராவர். தம் வீட்டிலேயே பேராசிரியர் ஒருவர் இருக்கவும், பிறரை நாடிச் சென்று கற்ற அடக்கம் போற்றற்குரியது. 1922ஆம் ஆண்டில் அவர் கென்ற் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1930ஆம் ஆண்டில் தந்தையார் வகித்த பேராசிரியப் பதவியை ஏற்றார்.

அவர் ஆராய்ந்த பொருளை இனி நோக்குவாம். இருதயத்திலிருந்து குருதியை உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் குழாயை நாடி என்கின்றோம். கழுத்தின் இருபுறத்தும் ஒவ்வொரு பெருநாடி மேலேறிச் செல்லும். குரல்வளையின் மேல் விளிம்புக்கு நேராக அஃது இரண்டாகக் கிளைக்கும். ஒரு கிளை மூளைக்கும், மற்றொரு கிளை முகத்துக்கும் செல்லும். மூளைக்குச் செல்லுங் கிளை தொடங்கும் இடத்தில் நாடி சிறிது புடைத்திருக்கும். அதன் சுவரிலே நுண்ணிய நரம்பு முனைகள் செறிந்துள்ளன. கவட்டின் பின்புறத்திலே அரிசி மணியளவான சிறு முடிச்சொன்றும் உண்டு. இவ்வளவே நம் சரித நாயகரின் ஆராய்ச்சி நிலம். அளவிற் சிறிய அந்நிலத்திலிருந்து அவர் கண்ட விளைவோ பெரிது.

கழுத்தை அமுக்கினால் மயக்கம் வரும் என்பதைப் பண்டைய கிரேக்கரும் அறிந்திருந்தனர். அந்நாடிக்கு மேனாட்டார் வழங்கும் பெயரே மயக்கம் என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்மாக் என்னும் அறிஞர், கழுத்தை விரலால் அமுக்குகையில் நாடித்துடிப்புத் தளர்வதைக் கண்டு எழுதினார். அருகிற் செல்லும் வேகசு நரம்பு அமுக்கப்படுவதே அதற்குக் காரணமென நெடுங்காலம் நம்பப்பட்டது. 1920ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஏவால்ட் ஹேரிங், காரணம் அந்நரம்பன்று, நாடியின் புடைப்பே என்று நிறுவினார். புடைப்பு விரியும்போது அங்குள்ள நரம்பு முனைகள் மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை இருதயத்தைத் தளர்த்தியும் குருதிக்குழாய்களைத் தளரவிட்டும் அமுக்கத்தைத் தாழ்த்துகின்றது. ஹேரிங்கின் தந்தையாரும் பெயர்பெற்ற உடற்றொழிலியல் அறிஞரே என்பது ஈண்டு நினையத்தக்கது. இத்துறையிலே தந்தையின் பணியை மகன் தொடர்ந்தமைக்கு இரண்டு குடும்பங்கள் சான்றாயின.

மூச்சுவிடுதலை ஆளும் மையம் மூளையில் உள்ளதென்பதும், குருதியிலுள்ள வாயுக்களின் அளவுக்கேற்ப அஃது இயங்குகின்றதென்பதும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தன. குருதி மூளையைச் சென்றடைந்தபின் மையம் தானே அதனை உணர்கின்றது என்பதே பொதுக்கருத்து. உடலின் வேறெங்கேனும் இருந்து நரம்பின் வழியாக அம்மையத்துக்குச் செய்தி வருதல் கூடுமோ? இவ்வினாவைத் தந்தையும் மகனுமாக ஆராயத் தொடங்கினர்.

அவர்கள் செய்த சோதனை அரியது. மயக்கமருந்து கொடுக்கப்பட்ட நாயொன்றின் தலையை அதன் உடலோடு நரம்புகள் மாத்திரமே இணைக்கும்படி அமைத்து, அத்தலைக்கு மற்றொரு நாயின் குருதியைச் செலுத்தினர். உடலுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுத்தனர். இந்நிலையில் உடலிலோடும் குருதி தலையைச் சேராது. உடலிலே குருதியமுக்கத்தை உயர்த்தியபோது தலையின் மூச்சியக்கம் ஒடுங்கியது, தாழ்த்தியபோது மிகுந்தது. உடலுக்குக் கொடுத்த செயற்கைச் சுவாசத்தை நிறுத்தியபோதும் தலையின் மூச்சியக்கம் மிகுந்தது. குருதி செல்லாதவிடத்துக்கு நரம்பு செய்தி கொண்டுசென்றது என்பது இதனால் ஐயமின்றித் தெளிவாயிற்று. உயிர்களிடத்துச் செய்யப்பட்ட இத்தகைய சோதனைகளை எண்ணும்போது நெஞ்சம் நோகாதிருப்பதில்லை. அந்நோவை மறையாது ஒப்புக்கொண்டே, அவற்றாற் பெற்ற அறிவை நன்றியோடு போற்றுகின்றோம்.

பின்னர் ஹெய்மன்ஸ், பூக்கார்ட், டோத்ரபான்ட் முதலிய துணைவருடன் கழுத்து நாடியின் கவட்டை ஆராய்ந்தார். அவ்விடத்தை மற்றைக் குருதியோட்டத்திலிருந்து பிரித்து, அதன் நரம்பை மாத்திரம் அறாது வைத்து, உள்ளே அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். கூட்டியபோது உடல் முழுவதும் குருதியமுக்கம் தாழ்ந்து, இருதயத் துடிப்பும் தளர்ந்தது. குறைத்தபோது அமுக்கம் ஏறியது. ஒட்சிசன் குறைந்த குருதியை அங்கே செலுத்தியபோது மூச்சு விரைந்தது. ஆகவே, புடைப்பு அமுக்கத்தை அளக்கும் காவலன். அரிசி மணி போன்ற முடிச்சோ குருதியின் சேர்க்கையைச் சுவைத்தறியும் காவலன். மூளைக்குப் போகும் வழியின் வாயிலிலே இருவேறு காவலரை இயற்கை நிறுத்தியிருப்பதை உலகு அறிந்தது.

இவ்விடத்திலே மற்றொருவரை நாம் நினையாது செல்லுதல் தகாது. ஸ்பானிய நாட்டவரான பெர்னாண்டோ டி காஸ்ரோ, புகழ்பெற்ற இராமோன் இ கஹால் என்பாரின் மாணாக்கர். அவர் 1926, 1928 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளிலே கழுத்து நாடியின் கவட்டிலுள்ள நரம்புகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து துல்லியமாக வரைந்து காட்டினார். அச்சிறு முடிச்சு குருதியின் இரசாயனச் சேர்க்கையை உணரும் உறுப்பாதல் வேண்டுமென்று முதன்முதல் ஊகித்தவரும் அவரே. அவர் வரைந்த படத்தின்மேலேதான் கென்ற் நகரத்துச் சோதனைகள் உறுதிபெற்றன. 1936ஆம் ஆண்டிலே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மூன்றாண்டுகள் அந்நாடு எரிந்தது. பரிசு வழங்கப்பட்டபோது அது ஹெய்மன்ஸ் ஒருவருக்கே சென்றது. டி காஸ்ரோவும் அதிற் பங்குபெறத் தக்கவர் என்று கருதும் அறிஞர் பலர். 1932ஆம் ஆண்டிலே காலமாகிவிட்ட தந்தையாருக்கும் அப்பரிசிற் பங்கு கிடைக்க வழியிருக்கவில்லை. ஒருவரின் கழுத்தில் விழும் மாலைக்குப் பூக்கொய்தவர் பலர் என்பதை மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும்.

1938ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவ்வாண்டில் வழங்கப்படாது ஒத்திவைக்கப்பட்டு, 1939ஆம் ஆண்டில் ஹெய்மன்சுக்கு அளிக்கப்பட்டது. நாடிக் காவலர் மூச்சை நெறிப்படுத்துதலில் வகிக்கும் பங்கைக் கண்டறிந்தமைக்காகவே அப்பரிசு வழங்கப்பட்டது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஸ்டொக்ஹோம் நகரத்து அரச விழாவிலே பெறவேண்டிய பரிசை 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே தம் ஊராகிய கென்ற் நகரிலேயே அவர் பெற்றுக்கொண்டார். நான்கு மாதங்களுள் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துட் புகுந்தது. பரிசு பெற்றோர் ஆற்றவேண்டிய பேருரையை அவர் போர் முடிந்தபின், 1945ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேதான் ஆற்ற முடிந்தது. வாலிபத்தில் ஒரு போர் கல்வியை இடைமறித்தது. நடுவயதில் மற்றொரு போர் புகழை இடைமறித்தது. இரண்டினாலும் அவர் பணி அற்றுப்போகவில்லை.

பிற்காலத்திலே அவர் தந்தையார் தொடக்கிய மருந்தியற் சஞ்சிகையை நடத்தினார். பல நாட்டு மாணாக்கருக்குத் தம் ஆராய்ச்சி நிலையத்தில் இடமளித்தார். 1953ஆம் ஆண்டில் ஈரானுக்கும் இந்தியாவுக்கும் சென்று வந்தார். 1956ஆம் ஆண்டில் பிரசல்சு நகரிற் கூடிய சர்வதேச உடற்றொழிலியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1958ஆம் ஆண்டில் எரிக் நீல் என்பாருடன் சேர்ந்து, குருதிக்குழாய்களில் உள்ள உணர்விடங்களைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18ஆம் நாள், கடற்கரை நகராகிய கினொக்கேயிலே, தமது எழுபத்தாறாவது வயதில் உயிர்நீத்தார். மூளைக்குக் குருதி செல்லும் வழியின் காவலை ஆராய்ந்த அவரை மூளையைத் தாக்கும் பாரிசவாதமே கொண்டுசென்றது. டி காஸ்ரோ அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

ஹெய்மன்ஸ் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், 1977ஆம் ஆண்டிலே, சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் என்னும் வைத்தியர் ஒடுங்கிய இருதய நாடியொன்றைப் பலூனால் விரித்துக் காட்டினார். சில ஆண்டுகளுள் கழுத்து நாடிக்கும் அம்முறை கையாளப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளிலே ஸ்டென்ற் வைக்கும் வழக்கம் பரவியது. அப்பொழுதுதான் ஹெய்மன்ஸ் நாய்களிற் கண்ட உண்மை மனிதரிடத்திலே, வைத்தியசாலைக் கட்டிலிலே, கண்கூடாயிற்று. வைத்தியரின் பலூன் விரிகின்ற இடம் பெரும்பாலும் அக்காவலன் குடியிருக்கும் புடைப்பே. சுவர் விரிந்தவுடன் காவலன், அமுக்கம் அளவுகடந்து ஏறிவிட்டதென்று பிழைபட உணர்கின்றான். மூளை அச்செய்தியை நம்பி இருதயத்தைத் தளர்த்துகின்றது, குழாய்களை விரியவிடுகின்றது. உண்மையிலே ஏறாத அமுக்கம் இதனால் வீழ்கின்றது. பலூன் சுருங்கியபின்னும் கம்பிவலை வெளிநோக்கி அழுத்திக்கொண்டே நிற்பதால், சிலரிடத்தே இந்நிலை மணிக்கணக்காகவும், சிலவேளை நாட்கணக்காகவும் நீடிக்கும். அந்நாடியில் முன்னரே கத்தி வைத்து அறுவைச் சிகிச்சை பெற்றவரிடத்து இவ்வீழ்ச்சி குறைவாகக் காணப்படுகின்றது. அவ்வறுவையிற் காவலனின் நரம்புகள் பழுதுபட்டிருத்தலே அதற்குக் காரணமென்பர். ஹெய்மன்சின் முடிவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

காரணம் தெரிந்தமையாற் பரிகாரமும் நெறிப்பட்டது. அமுக்கம் வீழ்ந்தவுடன் வைத்தியர் முதலிற் பிற காரணங்களை ஆராய்வர். தொடையின் நாடிவழியே கருவி செலுத்தப்பட்டிருப்பின் அங்கே குருதி கசிகின்றதோ, இருதயம் நோயுற்றதோ என்று பார்ப்பர். அவை இல்லையெனத் தெளிந்தபின், முன்னர் உட்கொண்டுவந்த அமுக்கத் தணிப்பு மருந்துகளை வேண்டியவாறு நிறுத்தி வைப்பர். நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றுவர். துடிப்புத் தளர்ந்தால் அற்றோப்பின் கொடுப்பர். வேண்டுமாயின் குழாய்களைச் சுருக்கும் மருந்தை இடையறாது துளித்துளியாகச் செலுத்துவர். பின்னது கொடுக்கப்படும்வரை நோயாளி தீவிர கண்காணிப்பு அறையை விட்டு அகல முடியாது.

இங்கேதான் வாய்வழி மருந்தின் உதவி தோன்றுகின்றது. மிடோட்ரின் என்னும் மாத்திரை, உடலிற் சேர்ந்தபின் மாற்றமடைந்து, நாடிகளையும் நாளங்களையும் சுருங்கச் செய்து அமுக்கத்தை உயர்த்துகின்றது. எழுந்து நிற்கையில் அமுக்கம் வீழ்வோருக்கென வழங்கப்பட்டுவந்த அம்மருந்தைக் கழுத்து நாடிச் சிகிச்சையின் பின்னர் நீடிக்கும் தாழ்வுக்கும் வைத்தியர் பயன்படுத்தலாயினர். மூக்கடைப்புக்குப் பலரும் உட்கொள்ளும் சூடோஎபெட்ரின் என்னும் மருந்தும் அவ்வாறே பயன்பட்டுள்ளது. இவற்றாற் சில நோயாளிகள் துளிமருந்திலிருந்து விடுபட்டு எழுந்து நடமாடவும் விரைவில் வீடு திரும்பவும் இயன்றது. எனினும், இவ்வனுபவம் சிறு தொகையினரான நோயாளரிடத்துப் பெற்றதே. மிடோட்ரின் உட்கொண்டவர் படுத்திருக்கையில் அமுக்கம் அளவுக்கு மேல் ஏறக்கூடும். ஆதலின் நாளின் கடைசி மாத்திரையை உறங்கச் செல்வதற்குச் சில மணி நேரம் முன்னரே உட்கொள்ளும்படி பணிப்பர். உடல் மயிர்கூச்செறிதல், தலைத்தோல் அரித்தல், சிறுநீர் தடைப்படுதல் ஆகியனவும் நேரலாம். நெடுநாள் ஒடுங்கியிருந்த வழி திறந்தபின் அமுக்கம் மிகையாக ஏறுமாயின் மூளையிற் குருதி கசியும் அபாயமும் உண்டு. அதனால் அமுக்கத்தை உயர்த்தும் மருந்து வைத்தியரின் அளவீட்டின்கீழ் வழங்கப்படவேண்டியதேயன்றி, அயலார் சொற்கேட்டு உட்கொள்ளத்தக்கதன்று. காவலனும் சில நாட்களிலே புதிய நிலைக்குப் பழகிக்கொள்வான். அப்பொழுது மாத்திரையும் வேண்டாததாகிவிடும்.

கட்டிலருகே அமர்ந்திருக்கும் மனைவிக்கும் மக்களுக்கும், சிகிச்சை பிழைத்ததோ என்னும் ஐயமே பெருந்துயர். அமுக்கம் வீழ்ந்தது கவனிக்கப்படவேண்டிய ஆபத்தே. ஆயினும் பெரும்பாலும் அது காவலன் தன் கடமையைச் செய்தமையால் நேர்ந்தது என்பதை அறிந்தோர் அஞ்சியும் அறிவிழவார். அவ்வறிவை நமக்குத் தந்தவர் தம் வாழ்நாளில் ஸ்டென்ற் என்பதைக் கண்டதில்லை. தம் ஆராய்ச்சி எக்கட்டிலருகே, எவ்வாண்டிலே உதவும் என்றும் அவர் அறிந்திலர். மூச்சு ஏன் விரைகின்றது என்னும் வினாவுக்கு விடை தேடினார். அவ்விடை தம் காலத்துக்கும் தம் நாட்டுக்கும் அப்பாற் சென்று பயன்படுகின்றது.

நம் கல்லூரியிலே இன்று விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர், கற்பது எதற்குப் பயன்படும், எந்தச் சோதனையில் எத்தனை புள்ளி பெறும் என்று கேட்டல் இயல்பே. ஹெய்மன்சின் சரிதம் அவர்களுக்கு வேறொரு வினாவையும் கற்பிக்கும். கண்முன் நிகழ்வது ஏன் நிகழ்கின்றது என்று கேட்கும் வினாவே அது. தந்தையிடமிருந்து பெற்ற செல்வத்தைப் பெருக்கி அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்ற அப்பெருமகனை, அவரோடு புகழுக்குரியராயும் புறத்தே நின்ற டி காஸ்ரோவையும் சேர்த்து, இவ்விழா நாளிலே நாம் நினைந்து வணங்குகின்றோம்.